மூன்று வேளை, உணவுக்குப் பின்

ரேஷன் அட்டையில் மகன் என்றிருப்பதை மகள் என்று மாற்றக் கோரி விண்ணப்பிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. 1993இல் தாம்பரம் பக்கத்து அட்டை அலுவலகம் ஒன்றுக்கு அப்படி ஒரு விண்ணப்பம் வந்தது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். பெயர் விஷயத்தில் அது பட்ட பாடு போதும்.

விண்ணப்பித்தவள் பொழிச்சலூர் கிருபா, வயது பத்தொன்பது. பழைய பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை, அவளுக்கும் தேவைப்படவில்லை. அந்தப் பெயரைக் கேட்கப் பிடிக்காமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு மாதம் அரைவயிறாகக் கிடந்தவள். வீட்டில் அம்மா ரத்தினபாய் மட்டும். பள்ளிக்கூட ஆசிரியை. தினமும் நாற்பத்திரண்டு பெயர்களைத் தடங்கலின்றி வாசித்து வருகைப்பதிவு எடுப்பவருக்கு, வீட்டில் இருந்த ஒரு பெயர் மட்டும் வாயில் வரவில்லை. ‘இந்தா’, ‘இங்க பாரு’ என்றே ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதிகாரி சுந்தரராமன் விண்ணப்பத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மனநல மருத்துவரிடம் சான்று பெற்று வரப் பணித்தார். டாக்டர் சத்தியநாதன் ஒரு மணி நேரம் பேசினார். இந்தப் பெண்ணின் மனதில் கோளாறு எதுவும் இல்லை, சோர்வுதான் என்று எழுதினார். கீழே அம்மாவுக்காக மருந்தும் எழுதினார்: ‘கிருபா என்று பெயர் சொல்லிக் கூப்பிடவும். மூன்று வேளை, உணவுக்குப் பின். முப்பது நாள். பிறகும் தொடரவும்.’

ரத்தினபாய் அதைப் படித்துவிட்டு மகளிடமே திருப்பிக் கொடுத்தார். அது அலுவலகக் கோப்பில் சேர்ந்தது.

கோப்பில் சேர்ந்த காகிதம் நிறைவேற்றப்பட்டாக வேண்டும். வீட்டில் கொடுக்கும் மருந்தை அரசு எப்படி நம்பும்? ஆகவே ஒரு பதிவேடு திறந்து, நாள், வேளை, கூப்பிட்டவர், திரும்பிப் பார்த்தவர் என்று நான்கு கட்டம் போட்டார்கள். கூப்பிடும் பணி பியூன் சவுரிமுத்துவுக்கு. கிருபா மூன்று வேளையும் நேரில் வர வேண்டும்.

“சாப்ட்டியா?” என்பார் அவர்.

“இன்னும் இல்லண்ணா.”

“அப்ப கூப்ட முடியாது. சாப்ட்டப்புறம்னு எய்திகீது. போய்த் துன்னுட்டு வா.”

அப்படியாக அவள் மூன்று வேளையும் சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டாம் வாரம் சிரித்தாள். அதற்குக் கட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சவுரிமுத்து பதிவேட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பொழிச்சலூர் வந்து வாசலில் நின்று கூப்பிட்டார். தெருவே திரும்பிப் பார்த்தது. கிருபாவை மட்டும் பதிந்துகொண்டார்.

முப்பத்தோராம் நாள் சுந்தரராமன் விதியைப் புரட்டினார். புதுப் பெயர் ஏற்கெனவே ஏதேனும் ஓர் அரசுப் பதிவில் இருக்க வேண்டும். இருந்தது. அவருடைய அலுவலகப் பதிவேட்டிலேயே, தொண்ணூறு முறை, முத்திரையுடன். மறுக்க வழியில்லை.

புது அட்டை வந்தது. கிருபா, மகள், பெண். அதற்கு மேல்வரியில்: ரத்தினபாய், குடும்பத் தலைவர், ஆண்.

ரத்தினபாய் மகளை அழைத்துக்கொண்டு அன்றே போனார். சுந்தரராமன் பொறுமையாக விளக்கினார். அட்டையின் அடியில் ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று மொத்தம் இருக்கிறது. மொத்தத்தை மாற்ற மேலிடத்து அனுமதி வேண்டும். ஆட்களை மாற்ற அனுமதி தேவையில்லை.

“நான் பொம்பளைன்னு எனக்குத் தெரியாதா சார்?”

“உங்களுக்குத் தெரிஞ்சா போதும்னா, உங்க பொண்ணு எதுக்கு ஒரு மாசம் இங்க நடந்தா? டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வாங்க ஐயா.”

பதிவுப்படி ஐயாதான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரத்தினபாய் சுருங்கிய முகத்துடன் வாசல்வரை வந்து நின்றார். ஒரு சொல்லுக்கு இப்படிச் சுருங்கிப்போகும் முகத்தை அவர் வீட்டில் பல நாள் பார்த்திருக்கிறார்.

“கிருபா,” என்றார். “அந்த டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்?”

கிருபா திரும்பிப் பார்த்தாள்.

சவுரிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை. மதிய வேளைதான். மூடிவைத்திருந்த பதிவேட்டைத் திறந்து, கூப்பிட்டவர் கட்டத்தில் ‘தாயார்’ என்று எழுதினார்.

சுந்தரராமன் எழுந்து வந்தார். புது அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அந்தச் சொல்லை அடித்து, மேலே ‘தகப்பனார்’ என்று திருத்திச் சுருக்கொப்பமிட்டார்.