தேசிக்காய் ஒத்துக்கொண்ட அறை

வவுனியாவில் அந்த வருடம் அறை கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி. தேசிக்காய் ஒத்துக்கொண்டு அறை கிடைத்தவன் பாக்கியவான். அதிர்ஷ்டத்துக்கும் பாக்கியத்துக்கும் இடையில் இருந்த தூரம் மாதம் ஐந்நூறு ரூபாய்.

நம்பாதவர்கள் ஒரு சனிக்கிழமை காலையில் குருமன்காட்டுப் பக்கம் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அறை வாடகைக்கு விடும் ஞானேஸ்வரி அம்மாவின் வளவு வேலி, சாத்தி வைத்த சைக்கிள்களின் பாரத்தில் உள்ளே சரிந்து கிடக்கும். வளவுக்குள் ஐம்பது பேர். பாதிப்பேர் பல்கலைக்கழக வளாகத்து மாணவர்கள். மற்றப் பாதி, பிள்ளைகளுக்கு அறை தேடி வந்த பெற்றோர். வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் பொங்கலுக்குப் போகிறவர்களின் முகத்தோடு கைகட்டி நிற்பார்கள். அம்மனுக்காக அல்ல. சந்தையில் ரூபாய்க்கு இரண்டு விற்கும் ஒரு தேசிக்காய்க்காக, வெறும் எலுமிச்சைக்காக.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. சண்டையால் இடம்பெயர்ந்த சனம் நகரத்தை நிரப்பியிருந்தது. வளாகத்து விடுதியில் இடம் போதாது. கராஜுக்கு ஒரு கதவு போட்டால் அது அறை. குசினியைத் தென்னோலைக் கிடுகால் மறித்தால் இரண்டு அறை. கோழிக்கூட்டைக் கழுவி, கோழியைக் குழம்பு வைத்துவிட்டு, 'தனியான அமைதியான இடம்' என்று வாடகைக்கு விட்டவர்களும் உண்டு. மொழிபெயர்ப்பு நாவல்களில் வரும் ஏழை மாணவர்கள் பனி கொட்டும் பட்டணங்களில் மச்சு அறையில் நடுங்கிக்கொண்டு கிடப்பார்கள். பாவம்தான். ஆனாலும் அவர்கள் வீட்டுக்காரிக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். குருமன்காட்டில் பழத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பழத்தின் சார்பில் பேசியவர் சிற்றம்பலச் சுவாமி. அதற்கு முன்பு அவர் தரகர் சிற்றம்பலம். இது ஊருக்கே தெரியும். தரகராக இருந்தபோது அரைமாத வாடகையைக் கூலியாகக் கேட்டார். சனம் பேரம் பேசியது, திட்டியது, சிலர் கொடுக்காமலே ஓடினார்கள். தாடி வளர்த்தார். சனம் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டது. மயிருக்கு இவ்வளவு மரியாதை என்று முன்பே தெரிந்திருந்தால், அந்த மனிதர் சவரத்துக்கு ஒரு சதமும் செலவழித்திருக்க மாட்டார்.

அவருடைய முறை எளிமையானது. ஞானேஸ்வரி அம்மா பின்வளவில் புதிதாகக் கட்டிய நான்கு அறைகளில் ஒன்றின் நடுவில் சுவாமி குந்துவார். அறை கேட்டு வந்த பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் தேசிக்காயின் காதில் சொல்வார். தேசிக்காய்க்குக் காது எது என்று யாரும் கேட்டதில்லை. பிறகு அதை நிலத்தில் வைத்துக் கையை எடுப்பார். அது உருண்டு வாசலுக்கு ஓடினால், அந்த அறை அந்தப் பிள்ளையை வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். மீறிக் குடிவந்தால் படிப்புப் போகும், காய்ச்சல் வரும். ஓடாமல் நின்றால் அறை ஏற்றுக்கொண்டது.

முதலில் அது எப்போதும் ஓடும். அப்போதுதான் பரிகாரம் வரும். பரிகாரத்துக்கு ஒரு தட்சணை. அறையின் கோபம் தணிய வாடகையிலும் ஐந்நூறு கூட்ட வேண்டும். சம்மதித்தால், சுவாமி வேறொரு தேசிக்காயை எடுத்து, அதன் அடியில் கொட்டைப்பாக்களவு சந்தனத்தை அப்பி, மந்திரம் சொல்லி வைப்பார். தேசிக்காய் அசையாது. கூட்டம் "அரோகரா" என்னும்.

இது இருட்டில் நடக்கவில்லை. திரைபோட்டு மறைக்கவில்லை. பட்டப்பகலில், பிரயோக விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளின் கண்ணுக்கு முன்னால் நடந்தது.

ஆதாரங்களுக்கும் பஞ்சமில்லை. தேசிக்காயை மீறிக் குடியேறிய ஒரு பையனுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்ததாம். அந்த ஒழுங்கையில் ஒரே கிணற்றில் தண்ணீர் குடித்த அத்தனை பேருக்கும் அந்த மாதம் நெருப்புக் காய்ச்சல் வந்தது. அதை யாரும் சொல்வதில்லை. கிணற்றுக்குத் தாடி இல்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை ரஜிதாவும் வந்திருந்தாள். முதலாம் வருட மாணவி. கிளிநொச்சிப் பக்கத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா, மாத்தளைத் தேயிலைத் தோட்டத்துக் கூலியாக இருந்து, கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். அவளுக்கு அறை வேண்டியது படுத்துத் தூங்குவதற்கு மட்டுமல்ல. சண்டை நடக்கும் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நகரத்தில் தங்குவதற்கு இராணுவத்திடம் பாஸ் எடுக்க வேண்டிய காலம். பாஸைப் புதுப்பிக்க, 'இவர் என் வீட்டில் இருக்கிறார்' என்று ஒரு வீட்டுக்காரர் வந்து பொறுப்புச் சொல்ல வேண்டும். அவளுடைய பாஸ் திங்கட்கிழமை முடிகிறது. அதற்குள் வீடு இல்லையென்றால் திரும்பிப் போக வேண்டும். போனால் பாதை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. படிப்பு அவ்வளவுதான். ஏறி இறங்கிய வீடுகளில் எல்லாம் ஊரை விசாரித்தார்கள், அப்பாவின் ஊரை விசாரித்தார்கள், பிறகு அறை இல்லை என்றார்கள். கடைசியாக மிஞ்சியது ஞானேஸ்வரி அம்மாவின் நாலாவது அறை.

அவளைக் கூட்டிவந்தவன் நிரஞ்சன். மூன்றாம் வருடம், கணிதம். அதே நான்கு அறைகளில் ஒன்றில் ஐந்நூறு கூடக் கொடுத்துக் குடியிருக்கிறவன்.

"நீர் ஒண்டும் கதைக்காதையும். சுவாமி கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லும். இதுக்குள்ள ஒரு சக்தி இருக்கு" என்றான்.

"என்ன சக்தி அண்ணா?"

"அதை விளங்கப்படுத்த ஏலாது. சமன்பாட்டுக்குள்ள அடங்காது."

"நீங்கள் எழுதிப் பாத்தனீங்களோ?"

"சும்மா இரும்."

முதலில் மருந்துக் கடைக்காரரின் மகன் விஜிதரன். மூன்றாவது அறை. தேசிக்காய் வாசலுக்கு ஓடியது. தகப்பன் காசை எடுத்தார். சந்தனம் வந்தது. தேசிக்காய் நின்றது. அரோகரா.

அடுத்தது ரஜிதா. நாலாவது அறை.

"எந்த ஊர் பிள்ளை?" என்றார் சுவாமி.

"கிளிநொச்சி."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி நான் பிறக்கேல்லை."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சுவாமி சிரிக்கவில்லை. "தகப்பன்?"

"மாத்தளைப் பக்கம்."

சுவாமி "ம்ம்..." என்று இழுத்தார். அந்த 'ம்' போய் ஞானேஸ்வரி அம்மாவின் முகத்தில் முட்டியது. அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு முகட்டைப் பார்த்தார். சுவாமி தேசிக்காயின் காதில் ஏதோ சொல்லிக் கீழே வைத்தார். அது நேராக வாசலுக்கு ஓடி, நிலைக்காலில் முட்டி நின்றது.

"அறை ஒத்துக்கொள்ளேல்லை பிள்ளை."

"அப்ப பரிகாரம் செய்யுங்கோ. ஐந்நூறு கூடத் தாறன்."

"உமக்குப் பரிகாரம் இல்லை. சில ஆக்களுக்கு மண்ணே ஒட்டாது."

ஞானேஸ்வரி அம்மா பெருமூச்சு விட்டார். "நான் என்ன பிள்ளை செய்ய? எனக்குத் தர விருப்பம்தான். தெய்வம் விடுகுதில்லை."

எவ்வளவு வசதி பாருங்கள். தேசிக்காய்க்குச் சாதி தெரிகிறது, தோட்டம் தெரிகிறது, தகப்பனின் ஊர் தெரிகிறது. வீட்டுக்காரிக்கு வாயைத் திறந்து 'உன்னை வைத்திருக்க மாட்டேன்' என்று சொல்கிற சங்கடமும் மிச்சம்.

ரஜிதா போகவில்லை. நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்ரி, ஒரு செம்பு தண்ணி தருவீங்களோ?"

தாகம் என்று நினைத்து ஞானேஸ்வரி அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ரஜிதா குடிக்கவில்லை. அறையின் நடுவில், தேசிக்காய் வைத்த அதே இடத்தில், மெல்ல ஊற்றினாள். தண்ணீர் ஒரு கணம் வட்டமாக நின்றது. பிறகு தேசிக்காய் போன அதே வழியில், அதே வாசலுக்கு ஓடியது.

"சுவாமி, தண்ணிக்கு என்ன நட்சத்திரம்?"

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"தண்ணியும் ஒத்துக்கொள்ளேல்லை எண்டு கதை முடிக்கலாம். இல்லாட்டி நிலம் வாசலுக்குச் சரிவு எண்டும் சொல்லலாம்" என்றாள் ரஜிதா. "எது உண்மை அன்ரி? நீங்கள் கட்டின வீடு."

தன் வீட்டுக் கட்டுமானத்தைப் பற்றிக் கேட்டால் ஞானேஸ்வரி அம்மாவுக்கு வேறு எதுவும் நினைவில் நிற்காது. "சரிவுதான். கழுவிற தண்ணி உள்ளுக்குத் தேங்கக்கூடாது எண்டு நான்தான் மேசனிட்டைச் சொல்லி நாலு அறைக்கும் வாசல் பக்கம் பணிச்சு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திச் சுவாமியைப் பார்த்தார்.

சுவாமி கண்ணை மூடினார். "தண்ணி வேற, கனி வேற. சரிவெண்டால் பரிகாரத்துக்குப் பிறகு ஏன் நிக்குது? அதுக்கு மறுமொழி சொல்லும்."

"சொல்லத் தேவையில்லை, பாக்கலாம்" என்றாள் அவள். வாசலுக்கு நேர் எதிரே பலாமரத்தடியில் ஞானேஸ்வரி அம்மாவின் ஆடு கட்டியிருந்தது. "அந்த ஆட்டின்ர பேரில ஒரு தேசிக்காய் வையுங்கோ. சந்தனத்தோட."

"விளையாடுறீரோ? கண் அவியும்."

"ஆட்டுக்கோ எனக்கோ?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. இந்த முறை அது அடங்கவில்லை. சுவாமி சந்தனக் கிண்ணத்தைத் துண்டால் மூடினார். மூடிய கையை விலக்கியவன் விஜிதரன். சற்றுமுன்தான் தகப்பனின் காசு போயிருந்தது; அந்த வலி மனிதனுக்கு அறிவைத் திறந்துவிடும். ஒரு தேசிக்காயின் அடியில் சந்தனத்தை அப்பினான். "ஆடு, கார்த்திகை நட்சத்திரம்" என்று அதன் காதில் சொன்னான். வைத்தான்.

தேசிக்காய் அசையவில்லை. நாலாவது அறை ஆட்டை மனமார ஏற்றுக்கொண்டது.

"இப்ப சந்தனமில்லாமல். சுவாமியின்ர பேரில" என்றது ஒரு குரல்.

விஜிதரன் வெறும் தேசிக்காயை வைத்தான். அது ஓடியது. நிலைக்காலில் முன்பு முட்டி நின்ற தேசிக்காயையும் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்து, ஆட்டின் காலடியில் போய் நின்றது. ஆடு குனிந்து முகர்ந்து பார்த்தது. பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டது. இத்தனை சனிக்கிழமைகளில் அந்த வளவில் தேசிக்காயைச் சோதித்துப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ரஜிதா. மற்றது கட்டியிருந்தது.

மருந்துக் கடைக்காரர் சுவாமியின் துண்டைப் பிடித்தார். "சிற்றம்பலம், காசை எடும் பாப்பம்." பெயரிலிருந்து 'சுவாமி' எவ்வளவு கெதியாகக் கழன்று விழுந்தது. தரகர் காசை வைத்தார். செருப்பை மறந்துவிட்டு வேலியில் இருந்த பொட்டு வழியால் நுழைந்து போனார்.

ரஜிதா ஞானேஸ்வரி அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். "அன்ரி, உங்களுக்குத் தர விருப்பம் எண்டு சொன்னனீங்கள். தெய்வம் விடேல்லை எண்டும் சொன்னனீங்கள். இப்ப தெய்வம் போயிட்டுது. அறை தருவீங்களோ, மாட்டீங்களோ?"

ஐம்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இனி மறுப்பதென்றால் சொந்த வாயால் மறுக்க வேண்டும். காரணத்தையும் சொந்த வாயால் சொல்ல வேண்டும். ஞானேஸ்வரி அம்மா முகட்டைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"சாமானைக் கொண்டுவாரும்" என்றார் மெல்ல. "பழைய வாடகைதான்."

"திங்கட்கிழமை பாஸுக்கும் வரவேணும்."

"வாறன், வாறன்."

அவர் மனம் மாறிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். அவரிடமிருந்த சாக்குப் போய்விட்டது; அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது நிரஞ்சன் சொன்னான்: "எண்டாலும் ரஜிதா, எல்லாத்தையும் அப்பிடித் தள்ளிவிட ஏலாது. நெளுக்குளத்தில ஒருத்தர் வெத்திலையில மை போட்டுச் சாத்திரம் பாக்கிறாராம். அவர் சரியான ஆள்."

"அண்ணா, உங்கட அறையில எத்தினை மாதமா இருக்கிறீங்கள்?"

"எட்டு."

"ஆர் கழுவுறது?"

"நான்தான். ஒவ்வொரு ஞாயிறும்."

"தண்ணி எந்தப் பக்கம் போகும்?"

நிரஞ்சன் சைக்கிளில் ஏறினான். நெளுக்குளம் போகிற பாதையில் திரும்பினான்.

அறை கிடைக்காததற்கு யுத்தத்தைக் குற்றம் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொருவனுக்கும் பிறக்கும்போதே வாடகையில்லாமல் கழுத்துக்கு மேலே ஓர் அறை கிடைத்திருக்கிறது. அதைப் பூட்டிவிட்டுத் திறப்பைத் தாடிக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, தெருத் தெருவாய் எங்கே போகிறீர்கள்? முதலில் அங்கே குடிபோங்கள்.