தினமும் ஜனவரி ஒன்று

அரியலூரில் ஓர் அரசு அலுவலகம் இருந்தது. எது என்று சொல்ல மாட்டேன். 1988-ஆம் ஆண்டு அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, திரைக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார்கள். பொட்டு மூன்றாவது வரியை மறைத்தது. பொட்டை அழிப்பது அபசகுனம் என்பதால், மூன்றாவது வரியில் யாரும் எதுவும் அடிக்கக் கூடாது என்று அலுவலர் உத்திராபதி வாய்மொழி உத்தரவு போட்டார்.

இனிமேல் வயதுச் சான்றிதழை இந்த இயந்திரம்தான் வழங்கும் என்று மேலிடத்து ஆணை. பிறந்த தேதியைக் கொடுத்தால், அன்றைய தேதியிலிருந்து கழித்து வயதை அச்சடிக்கும். இயந்திரம் சொல்லும் வயதே வயது. அதில் மனிதர்கள் தலையிடலாகாது.

ஒரே ஒரு சங்கடம். கரண்ட் போனால் அதற்குத் தேதி மறந்துவிடும். கரண்ட் வந்ததும் 1980, ஜனவரி ஒன்று, செவ்வாய்க்கிழமை என்று புதிதாக ஆரம்பிக்கும். எங்கள் ஊரில் கரண்ட் நாளைக்கு நான்கு தரம் போகும். அந்த ஆபீஸில் தினமும் நான்கு புத்தாண்டு.

இதற்கும் மேலிடம் வழி வைத்திருந்தது. ஆபரேட்டர் ராசாங்கம் கறுப்புத் திரையில் ஒற்றை வரியில் ஒரு கட்டளையை அடித்து எண்டர் தட்ட வேண்டும். உடனே கம்ப்யூட்டர் டெலிபோன் லைன் வழியாகத் திருச்சியில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரிடம் மணி கேட்டுத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். சுவரில் காலண்டர் தொங்கினாலும் அதைப் பார்த்துக் கையால் தேதி போடக் கூடாது. அது ‘முறைகேடுகளுக்கு வழிவகுக்கும்’. லைன் வழியே ஒரு தடவையாவது நேரம் திருத்தப்பட்ட பிறகே சான்றிதழ் வழங்க வேண்டும் என்றும் சுற்றறிக்கை சொன்னது.

அரியலூருக்கு ஒதுக்கிய லைன் வெள்ளிக்கிழமை காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை. அசல் ராகுகாலம். உத்திராபதி ராகுகாலத்தில் பேனா மூடியைக்கூடக் கழற்ற மாட்டார். பன்னிரண்டு அடித்ததும் கழற்றி, ‘லைன் கிடைக்கவில்லை’ என்று திருச்சிக்கு எழுதிப் போடுவார். இப்படியே மூன்று மாதம் ஓடியது. நாங்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் அமிர்தவல்லி. உடையார்பாளையத்துக்காரி. பால்வாடி ஆசிரியை வேலைக்குப் பதிந்து பத்து வருடம் கழித்து அவளுக்கு இண்டர்வியூ கார்டு வந்திருந்தது. முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். இண்டர்வியூ சனிக்கிழமை; அவளுக்கு முப்பது நிறைவது திங்கட்கிழமை. அந்த வெள்ளிக்கிழமையை விட்டால் அவளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கிடையாது.

“நாளைக்குத் திருச்சியில அந்தக் காயிதத்தைக் காட்டணுங்க. இல்லன்னா இந்த வேலை போயிடுங்க” என்றாள்.

“ஏம்மா, ராகுகாலத்துல போயி மணி கேட்டா நல்ல நேரமா வரும்?” என்றார் உத்திராபதி. அவருக்கு அவள்மேல் நிஜமாகவே இரக்கம்தான். நாற்காலிகூடப் போடச் சொன்னார்.

அவள் உட்காரவில்லை. திரையை எட்டிப் பார்த்தாள். காலையில்தான் கரண்ட் போய் வந்திருந்தது.

“சார், இதுக்கு இன்னிக்குச் செவ்வாக்கெழமன்னுல்ல போட்டிருக்கு? செவ்வாக்கெழமைக்கு ராகுகாலம் மூணு மணிக்கு மேலதானேங்க?”

உத்திராபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு ராசாங்கத்திடம் கேட்டார்: “மணி கேக்கறது யாரு? நீயா, மிஷினா?”

“தட்டறதுதான் நான் சார். கேக்கறது மிஷின்.”

“அப்ப மிஷினோட கெழமதான் செல்லும். தட்டு.”

ராசாங்கம் தட்டினான். டெலிபோன் லைனோடு இணைத்திருந்த பக்கத்துப் பெட்டி கரகரவென்று இரைந்தது. திருச்சி கிடைத்தது. எட்டு வருடம் ஆறு மாதம் ஏழு நாள் வித்தியாசம், திருத்தப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. 1988, ஜூலை எட்டு, வெள்ளிக்கிழமை. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். நான் விசில்கூட அடித்தேன்.

விசில் அடங்குவதற்குள் அச்சு இயந்திரம் தானாக ஓட ஆரம்பித்தது. காகிதம் தரையைத் தொட்டு, மடிந்து, கதவு வரை போனது. விஷயம் இதுதான். எங்கள் மனுக்கள் எல்லாம் வந்த தேதி 1980, ஜனவரி ஒன்று என்று உள்ளே பதிவாகியிருந்தன. மூன்று வருடத்துக்கு மேல் கிடந்த மனு தானாகவே தள்ளுபடியாகும் என்பது விதி. ஏப்ரலில் கொடுத்த மனுவுக்கு எட்டரை வயது ஆகிவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டும் தள்ளுபடி.

கடைசித் தாளில் ‘நிலுவை: இல்லை’ என்றிருந்தது. உத்திராபதி அதை இரண்டு முறை படித்தார். முப்பது வருட சர்வீஸில் அந்த வார்த்தையை அவர் பார்த்ததில்லை. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது.

புது மனு போட்டால் மூன்று மாதத்தில் பரிசீலிப்பதாக அமிர்தவல்லியிடம் அன்போடு சொன்னார். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“பீஸ் கட்டை எங்கீங்க இருக்கு?”

யாரும் பதில் சொல்லும் முன்னே போய் அதைப் பிடுங்கிவிட்டு, பத்து எண்ணி, மறுபடி சொருகினாள். பலகாரச் சட்டியை இறக்கி ஏற்றுவதுபோல அத்தனை நிதானம். திரையில் 1980, ஜனவரி ஒன்று.

“சார், எம்பத்தெட்டுல தள்ளுன மனு எம்பதுல எப்படீங்க தள்ளுபடியாயிருக்கும்? ஒரு தடவையாவது நேரத்தத் திருத்தணும்னீங்க. திருத்தியாச்சு. இப்ப செவ்வாக்கெழமையும் ஆயிடுச்சு. கையெழுத்துப் போடுங்க.”

உத்திராபதி சுற்றறிக்கையை எடுத்து வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். அவள் சொன்னதில் ஓட்டை இல்லை. சான்றிதழ் வந்தது: அமிர்தவல்லி, வயது இருபத்தொன்று. கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை திருச்சியில் அதிகாரிகள் அவளையும் பார்த்தார்கள், தாளையும் பார்த்தார்கள், தாளை நம்பினார்கள். வேலை கிடைத்தது.

செய்தி பஸ் ஏறிப் பரவியது. ஜெயங்கொண்டத்திலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் வயது தாண்டியவர்களெல்லாம் வந்து வரிசையில் நின்றார்கள். காலையில் கரண்ட் போகாவிட்டால் மின்சார ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டார்கள். அடுத்த மார்ச்சில் ரிட்டயர் ஆக வேண்டிய உத்திராபதியும் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு தனக்கு ஒன்று அச்சடித்துக்கொண்டார். வருடக் கடைசியில், கரண்ட் போனாலும் தேதி மறக்காத பேட்டரி வைத்த புதுக் கம்ப்யூட்டரை மேலிடம் அனுப்பியது. பொதுமக்கள் திரண்டு எதிர்ப்பு மனுக் கொடுத்தோம். புதுக் கம்ப்யூட்டர் பெட்டிகூடப் பிரிக்கப்படாமல் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது.

அந்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. டிரைவர் வேலைக்கு நாற்பதுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள், எனக்கு நாற்பத்தாறு. கம்ப்யூட்டர் முப்பத்தெட்டு என்றது. சான்றிதழைப் பார்த்த கண் டாக்டர், இந்த வயதில் கண்ணுக்கு என்ன வரப்போகிறது என்று சோதிக்காமலே எழுதிக் கொடுத்தார். அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குக் காலை ஏழே காலுக்குப் புறப்படும் பஸ்ஸை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். கைகாட்டியும் நிற்காமல் போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வேண்டுமென்று செய்வதில்லை, கிட்டத்தில் வந்தால்தான் ஆள் தெரிகிறது.