ஜெராக்ஸ் அக்காவின் பதினேழாயிரம் தீவுகள்

செங்கல்பட்டிலேயே இந்தோனேசியாவைக் கரைத்துக் குடித்தவர் ஒருவர்தான்: தாலுகா ஆபீஸ் எதிரில் கடை வைத்திருக்கும் ஜெராக்ஸ் அக்கா. அவர் கண்ட கடல் மாமல்லபுரத்தில்தான், அதுவும் முழங்கால் வரை.

கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். இந்தோனேசியத் தீவுகளுக்குள்ளேயே சுற்றுகிற கப்பல். அதனால் கடைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆளுயர வரைபடம். மிஷின் சூடாகும் வரை நமக்குப் பாடம் நடக்கும்.

"இது போர்னியோ சார். ஒரு தீவை மூணு நாடு பங்கு போட்டுகினு கீது. எங்க மாமனார் வூட்டு மனையே ரெண்டு பங்குதான்!"

"அக்கா, பட்டா காப்பி..."

"இரு சார், சுலவேசிக்கு வந்துட்டோம்."

இப்படிப் பாப்புவா வரை போய்த் திரும்பியதில் என் மைத்துனர் பத்திரப் பதிவு டோக்கனையே தவறவிட்டார்.

ஒருநாள் காலை டிவியில் இந்தோனேசியாவில் நிலநடுக்கம் என்று செய்தி. பக்கத்து டீ மாஸ்டரும் நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் நின்றோம்.

"தைரியமா இரு அக்கா. இந்தோனேசியாவே ஆடிப்போச்சாம்" என்றார் மாஸ்டர்.

அக்கா சீறினார். "எந்தத் தீவுன்னு கேட்டியா? பதினேழாயிரம் தீவு கீது, நீ பாட்டுக்கு இந்தோனேசியான்ற! ஆடுனது சுமத்ரா. எங்க வூட்டுக்காரர் கப்பல் மலுக்குத் தீவுங்க பக்கம் போய்கினு கீது. இங்க பக்கத்துல படாளத்துல ஒருத்தன் வழுக்கி வுழுந்தா டில்லிலயா கட்டு போடுவ?"

அன்று அவர் எடுத்துத் தந்த என் ரேஷன் கார்டு நகல்கள் பத்தும் வெறும் வெள்ளைத் தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கணவரிடமிருந்து போன் வரவில்லை. மூன்றாம் நாள் போனால், அக்கா போனில் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"சிக்னல் இல்லன்னா பக்கத்துத் தீவுக்குப் போய் பேசறதுக்கு இன்னாய்யா? அங்க தீவுக்கா பஞ்சம்?"

திட்டு முடியும் வரை வரிசையில் நின்ற ஒருவரும் காப்பி கேட்கவில்லை.

அடுத்த மாதம் அக்காவின் கணவர், எங்களுக்கெல்லாம் அண்ணன், லீவில் வந்தார். சூழ்ந்துகொண்டோம். "பாலி எப்படிண்ணே இருக்கும்?"

அவர் திருதிருவென்று விழித்தார். "தெரியாதுப்பா. நான் கிச்சன்லயே கெடந்தேன். ஜன்னல்ல தண்ணி தெரியும்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் நான் போனபோது அண்ணன் வரைபடத்துக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அக்கா கையில் ஸ்கேல்.

"மக்காசர்ல அரிசி ஏத்துனேன்னியே, அது இங்க. அப்பால இந்தக் கடலைத் தாண்டி அம்போன்."

"இம்மாந்தூரமா போனேன்?"

"பின்ன? தெனிக்கும் நானும்தானே கூட வந்துகினு இருந்தேன்."

நகல் எடுக்க வேண்டிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்தேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.