ஆட்டு மூச்சுக்குழாயும் சிவப்புப் பேனாவும்

கண்டி மழையைக்கூட மழை என்று உடனே ஒத்துக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் கேள்விக்குறி அண்ணன்தான். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார். உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பார். மேல்மாடியிலிருந்து யாரும் எதையும் ஊற்றவில்லை என்று போய் விசாரித்துவிட்டு வந்துதான் குடையை விரிப்பார்.

பேராதனையில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த மருந்தியல் ஆய்வுகூடத்தில் அவர் உதவியாளர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. யாருடைய கொப்பியாக இருந்தாலும் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுவார். அப்படி வந்த பெயர் இது. குண்டசாலையிலிருந்து தினமும் ஒரே பஸ்ஸில் வருகிறவர், "இது கண்டிக்குத்தானே போகுது?" என்று டிரைவரிடமும் கண்டக்டரிடமும் கடைசி சீட்டுக்காரரிடமும் தனித்தனியாகக் கேட்பார். மூன்று பேரும் ஒரே பதில் சொன்னால்தான் உட்காருவார்.

என் வேலை ஆட்டு மூச்சுக்குழாயில். அதன் மழமழப்பான தசையைக் கீற்றாக வெட்டி, இளஞ்சூடான உப்புநீரில் நூல் கட்டித் தொங்கவிடுவோம். மருந்தை ஊற்றினால் தசை சுருங்கும். திரையில் கோடு ஏறும். தசையில் மருந்து போய் ஒட்டுகிற இடத்துக்கு வாங்கி என்று பெயர். அதில் பல உபவகைகள். ஒவ்வொன்றையும் அடைக்கத் தனி மருந்து உண்டு. எதை அடைத்தால் சுருக்கம் நிற்கிறதோ, அந்த உபவகைதான் அங்கே வேலை பார்க்கிறது என்று அர்த்தம்.

கட்டுகஸ்தோட்டை இறைச்சிக்கடைக்குக் குழாய் வாங்கப் போனால், "நானா, இது ஆடுதானா?" என்பார் அண்ணன். நானா என்று நாங்கள் கூப்பிடும் அந்த முஸ்லிம் கடைக்காரர் ஆட்டுத்தலையைத் தூக்கிக் காட்டுவார்.

"தலை ஆடு, சரி. குழாய் இந்தத் தலையோடதுதானா?"

"என்ன மனுஷன் நீங்க! அறுத்த பொறகும் இந்த ஆட்டுக்கு நிம்மதியா ஈக்க ஏலாதா?"

ஒரு நாள் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. புத்தகங்கள் பெரிதாக மதிக்காத ஓர் உபவகையை அடைத்தேன். சுருக்கம் அப்படியே படுத்துவிட்டது. ஆறு ஆட்டிலும் அதே கதை. என் பேராசிரியர் கான்டீன் வரைக்கும் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கொழும்பு மாநாட்டில் நான் பேச வேண்டும். என் பட்டமே அந்த முடிவின் மேல்தான் நின்றது.

அண்ணன் திரையிலிருந்த கோட்டைப் பார்த்தார். "இவ்வளவு ஒழுங்கா வருதுன்னா எங்கயோ களவு இருக்கு மிஸ்."

அன்றிலிருந்து ஆய்வுகூடம் பொலிஸ் நிலையமாயிற்று. நூலைச் சந்தேகித்தார். வெப்பமானியைச் சந்தேகித்தார். நான் மத்தியானம் சாப்பிடும் கருவாட்டின் வாடை தசையை மயக்கியிருக்குமோ என்று இரண்டு நாள் என்னைப் பருப்போடு நிறுத்தினார். மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போயிற்று.

"அண்ணே, என் மேலதான் சந்தேகமா? சொல்லிருங்க!"

"பின்னே? நீங்கதானே ஊத்துனீங்க" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "அந்த அடைக்கிற மருந்த எதுல கரைச்சீங்க?"

"மதுசாரத்துல. அது தண்ணியில கரையாதே."

"மருந்தே போடாம, வெறும் மதுசாரத்த ஊத்திப் பாத்தீங்களா?"

என் கொப்பியைப் புரட்டினேன். மற்ற மருந்தெல்லாம் தண்ணீரில் கரைந்தவை. தண்ணீரை மட்டும் ஊற்றிப் பார்த்துவிட்டு, இதையும் அதோடு சேர்த்துவிட்டிருந்தேன்.

ஊற்றினோம். வெறும் மதுசாரத்துக்கே தசை அதேபோலத் தளர்ந்து படுத்தது. மூன்று தடவை ஊற்றினோம். என் மகத்தான கண்டுபிடிப்பு, மதுசார வெறியில் கிடந்த ஓர் ஆட்டுத்தசை. கதிரையில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் பிளேன்டீ கொண்டுவந்தார். கப்பிலிருந்து கொஞ்சம் மூடியில் ஊற்றி, தான் குடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"கொழும்புல அவ்வளவு பேருக்கு முன்னால எவனாவது இதக் கேட்டிருந்தா என்னம்மா செஞ்சிருப்பீங்க?"

மிஸ் என்பதை அன்றைக்குத்தான் மறந்தார்.

மாநாட்டிலிருந்து என் பெயரை விலக்கிக்கொண்டேன். மதுசாரத்தைக் குறைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய எட்டு மாதம் ஆனது. முடிவு, புத்தகத்தில் இருப்பதேதான். வாய்மொழிப் பரீட்சையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "கரைப்பானைத் தனியாகச் சோதித்தீர்களா?" என்பதுதான். "சோதித்தேன்" என்று அந்தப் பக்கத்தையே திறந்து காட்டினேன்.

ஆய்வேட்டின் முதல் பிரதியை அண்ணனிடம் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்து திருப்பித் தந்தார். ஆய்வுப் பக்கங்களில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. நன்றியுரையில் மட்டும், "இவர் இல்லாவிட்டால் இந்த ஆய்வு இல்லை" என்று அவரைப் பற்றி நான் எழுதியிருந்த வரியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.

என்ன செய்வது? அந்த வரியின் கீழே நான் கையெழுத்து வைத்தேன். பேராசிரியரிடம் வாங்கினேன். கட்டுகஸ்தோட்டை இறைச்சிக்கடை நானாவிடமும் போய் வாங்கினேன். மூன்று பேர் சொல்லிவிட்டோம் என்று மறுபடி அவர் கையில் கொடுத்தேன். இந்தத் தடவை அண்ணன் ஒன்றும் கேட்காமல் ஆய்வேட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.