கொக்கு டீச்சர் புகுந்த கண்காட்சி

அடுத்தவர் வரைந்த படத்தில் கையை வைத்துவிட்டு, அவர்களிடமே காபியும் வாங்கிக் குடித்த ஒரே ஓவியர், தஞ்சாவூர் வட்டாரத்திலேயே கொக்கு டீச்சர்தான்.

குத்தாலம் பக்கம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். தஞ்சாவூரில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வயல்வெளியில் உட்கார்ந்து படம் வரையும் எங்கள் கோஷ்டியில் வந்து சேர்ந்தார். நாங்கள் வாய்க்கால், வரப்பு, நாற்றங்கால் என்று வரைவோம். டீச்சருக்குக் கொக்கு மட்டும்தான் வரும். ஒரு தடவை வெறும் வெள்ளைத் தாளை என்னிடம் நீட்டினார்.

“என்ன டீச்சர், ஒண்ணுமே வரையலையே?”

“நல்லா பாருங்க தம்பி. கொக்கு ரொம்பக் கிட்ட வந்துடுச்சு.”

எங்கள் தலைவர் ஒரு பல் டாக்டர். ஊரார் வாயைத் திறக்க வைத்தே பழகியவர், தன் வாயை மூடியதில்லை. நம்ம ஊர் வயல்களை வைத்து எல்லோருமாக ஒரு ஓவியக் கண்காட்சி போடுவோம் என்று கிளப்பிவிட்டவர் அவர்தான். சின்னக் கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடித்தோம். திறந்து வைக்க ஒரு ரைஸ்மில் முதலாளி சம்மதித்தார்.

திறப்பு விழா அன்று காலையில் படங்களை மாட்டி முடித்ததும் பசி. “நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க. நான் மோர்சாதம் கொண்டாந்திருக்கேன், படத்தையெல்லாம் பாத்துக்கறேன்” என்றார் டீச்சர்.

பார்த்துக்கொண்டார். நாங்கள் திரும்பி வந்தபோது எல்லாப் படத்திலும் கொக்கு.

வயல் கண்காட்சிக்கும் கடலையே வரைந்து வந்திருந்த எங்கள் கோஷ்டி அதிராம்பட்டினம் பாயின் படகு உச்சியில் ஒன்று நின்றது. “டீச்சர், இது கடலுங்க!” என்றார் பாய்.

“மீன் இருக்குல்ல பாய்? அது போதும் அதுக்கு.”

நான் வரைந்தது சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்த வயல். அதன் நடுவிலும் ஒன்று. “சொட்டுத் தண்ணி இல்லாத எடத்துல கொக்கு எதுக்கு டீச்சர்?”

“மேட்டூர்ல எப்பத் தொறப்பாங்கன்னு விசாரிக்க வந்திருக்கு.”

தலைவர் படம் முழுக்கப் பச்சை. ஒரு கோடு கிடையாது, ஒரு புள்ளி கிடையாது. ‘வெறுமை’ என்று பெயர் வைத்திருந்தார். சரியாக அதன் மத்தியில் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு.

“வெறுமைங்க! வெறுமைன்னா ஒண்ணும் இருக்கக் கூடாதுங்க!”

“ஒண்ணே ஒண்ணுதானே டாக்டர் போட்டேன்?”

தலைவர் குதித்தார். துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்தார். நன்றாகக் காய்ந்துவிட்ட கொக்கு முன்னைவிடப் பளபளத்தது. “இந்தக் கண்காட்சில ஒண்ணு நான் இருக்கணும், இல்ல கொக்கு இருக்கணும்!” என்று கத்தினார்.

டீச்சர் முகம் சுண்டிப்போயிற்று. “வயலு ரொம்பத் தனியா கெடந்த மாதிரி இருந்துச்சு, அதான்” என்று முனகிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் ரைஸ்மில்காரரின் கார் வந்து நின்றது. மனிதர் அரைமணி முன்னாலேயே, பேரப்பிள்ளைகள் சகிதம் வந்துவிட்டார்.

பிள்ளைகள் முதல் படத்தில் கொக்கைப் பார்த்தார்கள், இரண்டாவதிலும் பார்த்தார்கள். அவ்வளவுதான். “இங்க ஒண்ணு! அங்க ஒண்ணு!” என்று மண்டபமே அதிர்ந்தது. சத்தம் கேட்டுத் தெருவில் போனவர்களும் உள்ளே வந்து கொக்கு தேடினார்கள். ரைஸ்மில்காரர் மட்டும் ‘வெறுமை’க்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை.

“நடவு முடிஞ்ச வயல்ல நிக்கிற மாதிரியே இருக்குங்க. யாரு வரஞ்சது?”

தலைவர் வாய் முதல்முறையாக மூடிக்கிடந்தது. வாசலிலிருந்து டீச்சர்தான் பதில் சொன்னார்: “டாக்டர் வரஞ்சதுங்க. கொக்கு தானா வந்து எறங்கிடுச்சு.”

தலைவர் தொண்டையைக் கனைத்தார். “அது... நாங்க ரெண்டு பேரும் சேந்து போட்டதுங்க” என்றார். சொல்லிவிட்டு, டீச்சர் உட்கார நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அதற்குப் பிறகு டீச்சரை விட்டுவிட்டு நாங்கள் சாப்பிடப் போனதே இல்லை. படங்களின் பாதுகாப்பு கருதி என்று தலைவர் காரணம் சொல்வார். தன் இலையில் விழும் வடையை எடுத்து டீச்சர் இலையில் வைப்பதற்கு மட்டும் அவர் ஒருநாளும் காரணம் சொன்னதில்லை.