புளியமரம் ஏறிய ஆன்டெனா

இவ்வாண்டு புளி உலுக்க மரமேறுவதில்லை என்று உறுதி பூண்டேன். அன்பர்களே, உறுதி உயர்ந்தது. பற்றிய வழிதான் தாழ்ந்தது. இடுப்பு வலி என்று மனைவி முத்தம்மாவிடம் சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

படுத்தபடியே வானொலித் தொண்டு புரிந்தேன். உரிமம் பெற்று நானே கட்டிய வயர்லெஸ் பெட்டி. அமிர்தியிலிருக்கும் நண்பர் ஆதிநாராயணனோடு அன்றாடம் உரையாடுவேன். பெட்டிக்கும் ஆன்டெனாக் கம்பிக்கும்தான் பொருத்தம் அமையவில்லை. அனுப்பிய ஆற்றலில் பாதி திரும்பி வந்து பெட்டியைத் தோசைக்கல்லாகக் காய்ச்சியது. காயில் என்னும் கம்பிச்சுருளை மாற்றிச் சுற்றினேன், கம்பியை நறுக்கினேன், பயனில்லை. ஏற்றுக்கொள்ளப்படாதது அனுப்பியவனையே சுடும். இல்லறத்தாரே, இதை நெஞ்சில் எழுதுங்கள்!

"கம்பி ரொம்பத் தாழ இருக்குதுங்க," என்றாள் முத்தம்மா. "புளியமரத்து உச்சியில கட்டினா இன்னா?"

"இடுப்பு...?"

"புளிக்கு ஏறினாத்தானங்க வலிக்கும்? கம்பிக்கு ஏறினா வலிக்குமா?"

அறிவியலை மதிக்கும் மனைவி! ஏறினேன். கீழே அவள் தார்ப்பாய் விரித்தாள். நான் விழுந்தாலும் அடிபடக் கூடாதென்ற அன்பு, கண் கலங்கியது.

திரும்பி வரும் ஆற்றலைக் காட்டும் மீட்டரைப் பார்ப்பது அவள் பொறுப்பு.

"முள்ளு இறங்குச்சா?"

"இல்லீங்க. அந்தக் கெளைக்குப் போங்க."

"இப்ப?"

"ஆடுது, இறங்க மாட்டேங்குது. கம்பிய நல்லா உதறி இழுங்க."

உதறினேன். கிளை குலுங்கியது.

"ஆங், கொஞ்சம் கொறையுது! தெக்கால கெளையும் பாருங்க!"

ஒரு கிளை விடாமல் உதறினேன். பொழுது சாயத்தான் இறங்கினேன். மீட்டர் முள் பூஜ்யத்தில் நின்றது. துளி ஆற்றலும் திரும்பவில்லை!

"பாத்தியா முத்தம்மா! மனுசன் விடாம பாடுபட்டா..." என்று அறவுரை தொடங்கினேன்.

"பெட்டியோட பேட்டரி ஒயரக் காலையிலயே கழட்டிட்டேங்க," என்றாள், தார்ப்பாயில் குவிந்து கிடந்த புளியை வாரியபடி. "நேத்து அமிர்தி அண்ணங்கிட்ட, 'இடுப்பு வலின்னேன், அப்டியே நம்பிட்டா'ன்னு சிரிச்சீங்களே. உங்க பெட்டி பேசினது அத்தினியும் அடுப்பங்கரையில நான் பாட்டு கேக்குற ஸ்பீக்கர்ல கணீர்னு வந்துச்சு."

ஒழுங்காகப் பொருந்தாத ஆன்டெனா ஊரெல்லாம் கசியும் என்று படித்திருக்கிறேன். அடுப்பங்கரை வரை கசியும் என்று எந்த நூலிலும் இல்லை.

"நாளைக்கி மேற்கால மரத்துலயும் கம்பி கட்டிடலாங்களா?"

அன்பர்களே, இப்போது இடுப்பு மெய்யாகவே வலிக்கிறது, நம்பத்தான் ஆளில்லை.