பொன்முடிக்குச் சுரங்கம் போட்ட வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த அடுத்த உருப்படியான காரியம், 2004ஆம் ஆண்டு பொன்முடித் தேயிலைத் தோட்ட மருந்தகத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நாங்கள் போட்ட சுரங்கம்தான். நடுவில் சக்கரம் என்று ஏதோ வந்ததாகச் சொல்வார்கள். சக்கரத்துக்குத் திறப்பு விழா நடந்ததாகத் தகவல் இல்லை.

நான் சாம்பசிவன். 'மலைத்தோட்டத் தொலைமருத்துவத் திட்ட'த்தின் துணை இயக்குநர், இணைப்புப் பிரிவு. வீடு திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில். மலை ஏறினால் எனக்குத் தலை சுற்றும். இந்தப் பதவிக்கு அது ஒரு கூடுதல் தகுதி.

எங்கள் சுரங்கத்தில் மண் கிடையாது. பொது இணையத்துக்குள்ளேயே நமக்கு மட்டும் ஒரு தனி வழியைப் பூட்டி வைத்துக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர். மலையில் ஒரு ரூட்டர், நகரத்தில் ஒரு ரூட்டர். வருகிற தகவலுக்கு 'இந்தப் பக்கம் போ' என்று கை காட்டுகிற பெட்டிகள். தோட்டத்தில் எக்ஸ்ரே எடுத்தால், படம் சுரங்கம் வழியாக நகரத்து மருத்துவமனையின் படக் கணினிக்கு வந்து சேரும். டாக்டர் பார்த்துவிட்டு காமிரா வழியாகவே வைத்தியம் சொல்வார். நோயாளி இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளில் குலுங்க வேண்டியதில்லை.

திறப்பு விழா அன்று பார்வதியம்மாள் என்ற தோட்டத் தொழிலாளி, மகள் வீட்டுக்குப் போக இரண்டு பைகளோடு வந்துவிட்டார்.

"சுரங்கம் எங்கனய்யா இருக்கு? நெடுமங்காட்டுல நிக்குமா?"

சுவரில் கேபிள் நுழையும் துளையைக் காட்டினேன். அவர் துளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பஸ்ஸுக்குப் போய்விட்டார். 'பொதுமக்கள் மிகுந்த ஆர்வத்துடன் பார்வையிட்டனர்' என்று அறிக்கையில் எழுதினேன்.

முதல் நோயாளி சொரிமுத்து. கொழுந்து மூட்டையோடு ஈரச் சரிவில் வழுக்கி, வலது மணிக்கட்டில் விழுந்திருந்தார். மருந்தகத்து நர்ஸ் ஜெஸ்லின் எக்ஸ்ரே எடுத்து அனுப்பிவிட்டு, அவரைக் காமிரா முன் உட்காரவைத்தார். இங்கே நகரத்து மருத்துவமனையில் டாக்டர் அருமைநாயகம். பக்கத்தில், பதிவுப் படிவத்தை நிரப்ப, நான்.

எங்கள் இணைப்பு செயற்கைக்கோளைத் தொட்டு இறங்குவது. அதன் மேல் சுரங்கத்தின் பூட்டு வேறு. ஒருவர் பேசியதற்குப் பதில் வர நாலு நொடி ஆகும். விஷயம் தெரியாதவர்கள் இதைத் 'தாமதம்' என்பார்கள். திட்ட ஆவணங்களில் இதன் பெயர் 'சிந்திக்கும் இடைவெளி'.

டாக்டருக்குச் சிந்திக்க நேரமில்லை. வெளியே நூறு பேர் நின்றார்கள்.

"சிஸ்டர், கையை லேசா அமுக்கிப் பாருங்க," என்றார். பதில் இல்லை. "சரி, பேரு என்ன?"

"ஐயோ அம்மா," என்றது ஒலிபெருக்கி.

"வயசு?"

"சொரிமுத்து."

"வலி எங்க?"

"நாப்பத்தாறு."

"எந்த ஊரு?"

"மணிக்கட்டுலய்யா."

நான் அரசு ஊழியன். காதில் விழுந்ததைத் தட்டச்சு செய்பவன். பெயர்: ஐயோ அம்மா. ஊர்: மணிக்கட்டு. வயதுக்கான கட்டம் 'சொரிமுத்து'வை ஏற்க மறுத்ததால் 'பொருந்தாது' என்று போட்டேன்.

எக்ஸ்ரே மட்டும் வரவில்லை.

"படம் பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர். நியாயம்தான். காத்திருந்தோம். மூன்று நாட்களில் ஜெஸ்லின் அதே படத்தை ஒன்பது முறை அனுப்பினார். நாலாம் நாள் போன் செய்தார்.

"சாரே, கை பூரிக்கட்டை மாதிரி வீங்கியாச்சு. ஆளை அங்க அனுப்பட்டா?"

"என்னம்மா சொல்றேள்? நோயாளி நேர்ல வந்துட்டா அப்பறம் திட்டம் எதுக்கு?"

அவர் கேட்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் சொரிமுத்து வந்து இறங்கினார். பதிவுக் கவுண்டரில் பிரேமா என்ற பெண், திரையைத் தேடிப் பார்த்தாள்.

"சொரிமுத்துன்னு ஆரும் இல்லல்லோ. பொன்முடியிலேருந்து ஐயோ அம்மான்னு ஒரு கேஸ் உண்டு. அது நீங்கதானா?"

"இப்பம் வலிக்க வலியில அதுவும் நான்தான் தாயி."

"அது சுரங்கக் கேஸ் கேட்டீங்களா. நேர்ல பாக்கப்படாதுன்னு ஆர்டர் உண்டு. பொன்முடிக்குப் போயி காமிரா முன்னால இருங்க."

போனார். ஜெஸ்லின் ஒரு கடிதம் கொடுத்து மறுபடி அனுப்பினார். கடிதத்தில் பெயர் சொரிமுத்து என்று இருந்ததால் பிரேமா மறுபடி மலைக்கு அனுப்பினாள். கண்டக்டர் அவருக்கு ஜன்னலோர இருக்கை பிடித்து வைக்கத் தொடங்கினார்.

இதற்கிடையே நாங்கள் சும்மா இருக்கவில்லை. 'படத் தாமத ஆய்வுக் குழு' என் தலைமையில் மூன்று முறை கூடியது. மலையில் மேகம் அதிகம் என்பது ஒருமனதான முடிவு. மேகத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப முகவரி இல்லாததால் கோப்பை நிலுவையில் வைத்தோம்.

பதினோராம் நாள் காலை ஜெஸ்லின் மறுபடி அழைத்தார்.

"சாரே, படம் போற வழியைக் காட்டுற கட்டளை ஒண்ணு உண்டுல்லா. பெட்டியோட வந்த புஸ்தகத்தைப் பாத்து அடிச்சுப் பாத்தேன். முதல்ல நம்ம மலைப் பெட்டி வருது. அடுத்து உங்க டவுண் பெட்டி. அடுத்து திரும்ப நம்ம பெட்டி. திரும்ப உங்க பெட்டி. முப்பது வரியிலயும் இந்த ரெண்டு பேருதான் இருக்கு."

"அப்படின்னா?"

"படக் கணினி டவுண்ல இருக்குன்னு நம்ம பெட்டி அங்க தள்ளுது. அது மலையில இருக்குன்னு உங்க பெட்டி இங்க தள்ளுது. படம் நடுவுல கெடந்து ஓடி ஓடிச் செத்துப் போவுது. உங்க பெட்டிக்கு ஆரு சாரே அப்படிச் சொல்லிக் குடுத்தது?"

ஒரு நர்ஸ் வழித்தடங்களைப் பற்றிப் பேசுவது விதிகளுக்குப் புறம்பானது என்று எடுத்துச் சொல்லிவிட்டு, நகர ரூட்டரைத் திறந்து பார்த்தேன். ஒரு வரி இருந்தது: படக் கணினி இருப்பது பொன்முடியில். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'விழாவுக்காக. தற்காலிகம். சா.'

திறப்பு விழாவில் முக்கிய விருந்தினர் தம் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டார். படம் நகரத்துக்குப் போய்த் திரும்பும் வரை அவரைச் சிந்திக்க வைப்பது நாகரிகமில்லை. ஆகவே படக் கணினியையே மலைக்குக் கொண்டுபோய், மேஜைக்கு அடியில் பட்டுத் துணி போட்டு மறைத்து வைத்தோம். படம் மின்னலாக வந்தது. கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. மறுநாள் கணினி ஜீப்பில் இறங்கியது. மலைப் பெட்டியை அன்றே திருத்திவிட்டேன். நகரப் பெட்டியைத் திருத்துவதற்குள் எனக்குப் பாராட்டுக் கூட்டம் வந்துவிட்டது.

அந்த 'சா.' யார் என்பதைக் குழு தீவிரமாக விசாரித்தது. அடையாளம் காண இயலவில்லை என்று தலைவர் என்ற முறையில் கையெழுத்திட்டேன்.

வரியை அழித்தேன். ஜெஸ்லின் மறுபடி அனுப்பினார். எக்ஸ்ரே வந்துவிட்டது. டாக்டர் படத்தைப் பார்த்ததும் காமிராவைப் பார்த்து, "நோயாளி எங்க?" என்றார்.

நாலு நொடி. பிறகு ஜெஸ்லினின் குரல் வந்தது.

"உங்க கதவுக்கு வெளிய, டாக்டர். பெஞ்சுல. இன்னிக்கோட மூணு தடவை வந்தாச்சு."

டாக்டர் எழுந்து கதவைத் திறந்தார். திட்டத்தில் இல்லாத முறை அது. இருந்தாலும் நான் தடுக்கவில்லை. சொரிமுத்துவின் கையைத் தம் கையில் வாங்கி, மெல்லத் திருப்பிப் பார்த்தார்.

"எலும்பு கோணலா ஒட்டத் தொடங்கியாச்சு. பிரிச்சுத்தான் திரும்ப வைக்கணும். அன்னைக்கே வந்திருந்தா ஒரு மாவுக்கட்டோட போயிருக்கும்."

சொரிமுத்து என்னிடம் திரும்பினார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

"படம் இத்தன நாளா எங்கனய்யா இருந்துச்சு?"

"மலைக்கும் இங்கேயுமா போயிண்டும் வந்துண்டும் இருந்தது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நானும் அப்படித்தானய்யா போயிட்டு வந்தேன். வழியில பாக்கலயே."

எலும்பைப் பிரித்து வைத்தார்கள். ஆனாலும் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளியவர் இப்போது இடது கையால் மட்டும் கிள்ளுகிறார். நோயாளியை அனுமதியின்றி இடம்பெயரச் செய்ததற்காக ஜெஸ்லினுக்கு மெமோ போயிற்று. கையெழுத்து என்னுடையது, இந்த முறை முழுப் பெயர்.

எங்கள் திட்டம் இந்த ஆண்டு விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. பதினாறு பக்கப் படிவத்தை நானே நிரப்பினேன். பழுதின் காரணம்: மேகம். பழுதைச் சரிசெய்ய ஆன நேரம்: நாலு நொடி. கண்டறிந்தவர்: துணை இயக்குநர். கடைசிப் பக்கத்தில், 'திட்டத்தால் வாழ்க்கையில் நிரந்தர மாற்றம் அடைந்தவர்கள் எத்தனை பேர்?' என்று ஒரு கட்டம் இருந்தது.

ஒருவர் என்று எழுதினேன். பதினாறு பக்கத்தில் உண்மை அது ஒன்றுதான்.